அரம் பிடித்த பிறகு புரியும் கணக்கு

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் போன் ஓயாது. சென்னை அம்பத்தூரில் ஒரு உதிரிபாக கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். அதனால் சொந்தத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்கு மார்க் குறைந்தாலும் "உங்க லைன்ல ஏதாவது சேர்த்துவிட முடியுமா" என்று கேட்டு ஒரு அழைப்பு வரும். இந்த வருடம் அத்தை ஒருவர் கூப்பிட்டார்.

"இவனுக்குக் கணக்கு சுத்தமா வரலப்பா. அதான் ஐடிஐ-ல போட்டுடலாம்னு பாக்குறோம். அங்க கணக்கெல்லாம் இருக்காதுல்ல?"

அவர் கேட்டது முழுக்க முழுக்க அக்கறையில்தான். ஆனால் இந்தக் கேள்வியை நான் வருடா வருடம் வேறு வேறு குரல்களில் கேட்கிறேன். கணக்கு வராதவர்கள் ஒதுங்கும் இடம் ஐடிஐ என்று பெற்றோர் நினைக்கிறார்கள், பள்ளி ஆசிரியர்கள் சிலர் நினைக்கிறார்கள். கடைசியில் அந்தப் பிள்ளையும் அதை நம்பிக்கொண்டுதான் கேட்டுக்குள் நுழைகிறான். உள்ளே நடப்பது இதற்கு நேர் எதிரானது. கணக்கைக் கையில் பிடித்துப் பார்க்கிற வாய்ப்பை இந்த ஊரில் காசு வாங்காமல் தருகிற இடம் அரசு ஐடிஐ. அத்தைக்குப் போனில் சொன்னது போதவில்லை என்று தோன்றியதால் விரிவாக எழுதுகிறேன்.

கிண்டி ஐடிஐ-யையே எடுத்துக்கொள்கிறேன். கிண்டி ஸ்டேஷனில் இறங்கி திரு.வி.க. தொழிற்பேட்டைப் பக்கம் நடந்தால் ஆலந்தூர் சாலை. ஆண்கள், பெண்கள் என்று இரண்டு அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் கிண்டியில் இருக்கின்றன. மாநிலம் முழுக்க இருக்கும் அரசு ஐடிஐ-களை நிர்வகிக்கும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இயக்குநரகமும் ஆலந்தூர் சாலையில்தான். ஐடிஐ-களுக்கு வேண்டிய பயிற்றுநர்களை உருவாக்கும் மத்திய அரசின் நிறுவனமும் கிண்டியிலேயே. மெட்ரோவில் தினமும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இப்படியொரு கல்விப் பேட்டை இங்கே இருப்பது தெரியாது. ஆனால் அண்ணா பல்கலைக்கழகம் எங்கே என்று கேட்டால் எல்லோரும் கை காட்டுவார்கள்.

ராவக் கற்பது

ஃபிட்டர் பிரிவில் சேரும் பையன் முதலில் செய்வது ராவுவதுதான். வைஸில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்து, அரத்தால் ராவி, அதன் முகத்தைச் சமமாக்க வேண்டும். கேட்க எளிது. செய்து பார்த்தால் முதல் வாரத்தில் யாருக்கும் வராது. நடுவில் மேடாகவும் இரண்டு ஓரங்களில் சரிவாகவும் வரும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. அரத்தின் பிடியில் ஒரு கை, நுனியில் ஒரு கை. தள்ள ஆரம்பிக்கும்போது நுனிப்பக்கம் குட்டையாகவும் பிடிப்பக்கம் நீளமாகவும் துண்டுக்கு வெளியே இருக்கும். தள்ளி முடிக்கும்போது அது அப்படியே மாறிவிடும். இரண்டு கையாலும் ஒரே மாதிரி அழுத்தினால் அரம் ஊஞ்சலாடும், ஓரங்கள் கரையும். ஆரம்பத்தில் நுனிக்கை அழுத்தம் அதிகம், நடுவில் இரண்டும் சமம், முடிவில் பிடிக்கை அழுத்தம் அதிகம் என்று நகர்த்திக்கொண்டே போக வேண்டும். திரும்ப இழுக்கும்போது அழுத்தவே கூடாது, அரத்தின் பல் அந்தப் பக்கம் வெட்டாது. எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் நெம்புகோல் என்று படம் போட்டிருந்த பாடம்தான் இது. அப்போது அது இரண்டு மார்க் கேள்வி. இப்போது தோள்பட்டைக்குத் தெரிந்த விஷயம்.

ராவிய முகத்தின்மேல் ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிப்பார்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் பள்ளம். தொடக்கத்தில் கூடக்குறைய அரை மில்லிமீட்டர் வரை விட்டுக்கொடுப்பார்கள். மாதங்கள் போகப் போக அது இறுகிக்கொண்டே வரும். ஒரு துண்டுக்குள் இன்னொரு துண்டு உட்காரும் ஃபிட்டிங் வேலைகளில் கூடக்குறைய 0.04 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். தலைமுடியின் பருமனைவிடப் பொதுவாக இது குறைவு. கையால், அரத்தால் அந்த அளவைப் பிடிக்கிறார்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள்.

அதை அளப்பது எப்படி? அங்கேதான் தசமம் வருகிறது. வெர்னியர் காலிபரில் மெயின் ஸ்கேல் ஒரு கோடு ஒரு மில்லிமீட்டர். பக்கத்தில் நகரும் வெர்னியர் ஸ்கேலில் 49 மில்லிமீட்டரை 50 பாகமாகப் பிரித்திருப்பார்கள். அப்படியென்றால் ஒரு பாகம் 0.98. ஒன்றிலிருந்து 0.98-ஐக் கழித்தால் 0.02. அந்தக் கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு அதுதான். மைக்ரோமீட்டரில் திருகை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அரை மில்லிமீட்டர் நகரும், சுற்றில் 50 கோடுகள், எனவே ஒரு கோடு 0.01. பின்னம், தசமம், வகுத்தல் மூன்றும் உள்ளங்கையில் இருக்கின்றன. "0.5-ஐ 50-ஆல் வகு" என்று கரும்பலகையில் எழுதினால் விழித்த பையன் தன் துண்டு 24.98-ஆ 25.02-ஆ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். அந்த 0.04 வித்தியாசத்தில்தான் பக்கத்துத் துண்டு உள்ளே போகும், அல்லது போகாது.

பை ஏன் வந்தது?

பக்கத்து ஷாப்புக்குப் போனால் டர்னர் பிரிவு. கடைசல் இயந்திரமான லேத் ஓடுகிறது. சக்கில் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள மைல்ட் ஸ்டீல் ராடு. நிமிடத்துக்கு எத்தனை சுற்று வைப்பது? இதைக் குத்துமதிப்பாக வைத்தால் டூல் எரிந்துவிடும், அல்லது வேலை ஊர்ந்துகொண்டிருக்கும். டூலின் முனையில் இரும்பு நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் வேகத்தில் ஓடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. ராடு ஒரு சுற்று சுற்றினால் டூல் முனையைக் கடக்கும் நீளம் அதன் சுற்றளவு. சுற்றளவு என்றால் பை பெருக்கல் விட்டம். நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகம் வேண்டும் என்று வைத்தால், 25-ஐ 1,000-ஆல் பெருக்கி, 3.14 பெருக்கல் 25-ஆல் வகுத்தால் சுமார் 318 வருகிறது. மெஷினில் அதற்கு அருகில் இருக்கும் வேகத்தை வைப்பார்கள்.

பள்ளியில் வருடக்கணக்கில் பை-யோடு பழகியவர்கள் நாம். அது எதற்கு என்று யாராவது நமக்குக் காட்டினார்களா? டர்னர் மாணவனுக்கு மட்டும் பை ஒரு சத்தமாகக் கேட்கிறது. கணக்குத் தப்பினால் டூல் கீச்சிடும், சீவலின் நிறம் நீலமாகும்.

பிறகு டேப்பர். ஒரு பக்கம் 30 மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் 20, நீளம் 50. டூலை எவ்வளவு சாய்க்க வேண்டும்? பெரிய விட்டத்திலிருந்து சின்ன விட்டத்தைக் கழித்து, நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 0.1. எந்தக் கோணத்தின் டான் 0.1? டேபிளைப் பார்த்தால் ஐந்து டிகிரி 43 நிமிடம். டூலைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்டை அந்தக் கோணத்துக்குத் திருப்பி ஓட்டினால் கூம்பு வரும். பத்தாம் வகுப்பில் கலங்கரை விளக்கமும் கப்பலும் போட்டுப் பயமுறுத்திய அதே டான் தீட்டா.

எலக்ட்ரீஷியன் பிரிவில் மின்திறன் கணக்கு. 1,000 வாட் அயர்ன் பாக்ஸை 230 வோல்ட்டில் போட்டால் 4.35 ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் கீஸர் 8.7 ஆம்பியர். அதனால்தான் அயர்ன் பாக்ஸுக்கு 6 ஆம்பியர் சாக்கெட் போதும், கீஸருக்கு 16 ஆம்பியர் வேண்டும். இந்த ஒரு வகுத்தல் தெரியாமல், அல்லது தெரிந்தும் சோம்பேறித்தனத்தில், சின்ன வயரில் பெரிய லோடைக் கொடுத்து எரிந்துபோன வீடுகள் உண்டு. வெல்டர் பிரிவில் 3.15 மில்லிமீட்டர் ராடுக்குச் சுமார் 100-லிருந்து 130 ஆம்பியர் வரை வைப்பார்கள். குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், கூடினால் தகடு ஓட்டை.

எங்கள் கம்பெனிக்கு அப்ரென்டிஸாக வந்த வியாசர்பாடிப் பையன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பீஸின் சாய்வைச் சரிபார்க்க வேண்டியிருந்தது, 25 டிகிரி. சைன் பார் என்று ஒரு கருவி உண்டு. 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு உருளைகள் பொருத்திய பட்டை. ஒரு பக்கத்துக்குக் கீழே சரியான உயரத்தில் ஸ்லிப் கேஜ் என்ற அளவுக் கட்டைகளை அடுக்கினால் பட்டை வேண்டிய கோணத்தில் நிற்கும். நான் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தபோது அவனே சொன்னான்.

"அண்ணா, 42.262 வருதுண்ணா. எடுத்து அடுக்கட்டா?"

"பத்தாவதுல கணக்கு எவ்வளவுப்பா?"

"முப்பத்தஞ்சுண்ணா. பாஸ் போட்டு அனுப்பிச்சாங்க. சைன் தீட்டா எதுக்குன்னே அப்போ தெரியாது. நம்ம சார் தான் இந்தப் பட்டையைக் கையில கொடுத்து, தூக்கிப் பாரு, எவ்ளோ தூக்குனா எவ்ளோ சாயுதுன்னு பாருன்னாரு. அதுக்கப்புறம் மறக்கலண்ணா."

முப்பத்தைந்து மார்க் அவனுடைய மூளைக்கான அளவு என்று அவன் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவனுக்கு இல்லாமலிருந்தது மூளை அல்ல, தூக்கிப் பார்க்க ஒரு பட்டை.

இது ஏன் இங்கே நடக்கிறது

மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது நேரம். 2022-இல் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தின்படி ஃபிட்டர் போன்ற இரண்டு வருடப் பிரிவில் ஆண்டுக்கு 1,200 மணி நேரம். அதில் 840 மணி நேரம் செய்முறை. பத்தில் ஏழு பங்கு நேரம் மாணவன் நின்றுகொண்டு ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறான். இந்த விகிதம் வேறு எந்தப் படிப்பில் உண்டு? பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்துவிட்டு மைக்ரோமீட்டரை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் கையில் யாரும் அதைப் போதுமான நேரம் கொடுக்கவில்லை.

இரண்டாவது எண்ணிக்கை. ஒரு யூனிட்டில் பெரும்பாலும் 20 முதல் 24 பேர். பயிற்றுநர் ஒவ்வொரு வைஸுக்கும் போய் நின்று, முழங்கையைத் தொட்டுத் திருத்த முடியும். ஐம்பது, அறுபது பேர் வகுப்பில் பின்பெஞ்சில் மறைந்துகொண்ட பிள்ளைக்கு மறைய இங்கே இடமில்லை, தேவையும் இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இங்கே தப்பு என்ன என்பதை இரும்பே சொல்லிவிடுகிறது. பள்ளியில் விடை தப்பு என்று சிவப்பு மையில் ஒருவர் சொல்ல வேண்டும், அதில் அவமானமும் சேர்ந்தே வரும். இங்கே துண்டு உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். எடு, அள, எங்கே 0.1 கூடுதலாக இருக்கிறது பார், மறுபடி ராவு. ரொம்பக் கெட்டுப்போனால் ஸ்கிராப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த துண்டு. கம்பெனியில் ஒரு ஜாப் கெட்டால் ரிப்போர்ட், கூட்டம், விளக்கம் என்று நாள் போய்விடும். தப்பு செய்து கற்றுக்கொள்ள இரண்டு வருடமும் இரும்பும் மெஷினும் அரசு செலவில் தருகிறார்கள். ஒரு நகரம் தன் இளம் பிள்ளைகளுக்குத் தரக்கூடிய பெரிய சொத்துகளில் ஒன்று அது.

எங்கிருந்து வந்தது இந்த அமைப்பு

இரண்டாம் உலகப்போர் முடிந்து படையிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மறுவாழ்வு தர 1945-இல் மத்திய அரசு ஓர் இயக்குநரகத்தைத் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1950-இல் வந்த கைவினைஞர் பயிற்சித் திட்டம். இன்றைக்கும் ஐடிஐ-கள் இந்தத் திட்டத்தின் கீழேதான் ஓடுகின்றன. சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி 1956 நவம்பரிலிருந்து அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. பாடத்திட்டமும் தேர்வும் சான்றிதழும் தேசிய அளவில், நடத்துவது மாநிலம் என்கிற ஏற்பாடு அப்போது அமைந்தது. 1961-இல் அப்ரென்டிஸ் சட்டம்.

அதே வருடங்களில் சென்னையும் மாறிக்கொண்டிருந்தது. 1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐசிஎஃப். 1958-இல் கிண்டி தொழிற்பேட்டை. அடுத்த பத்தாண்டில் அம்பத்தூர். இந்தத் தொழிற்பேட்டைகள், காமராஜர் அமைச்சரவையில் தொழில் துறையைப் பார்த்த ஆர். வெங்கட்ராமன் காலத்து முனைப்பு. ஒரு சின்ன ஷெட், நாலு லேத், ஒரு டிரில்லிங் மெஷின் என்று ஆரம்பித்த பட்டறைகள் பேட்டை முழுக்க வந்தன. அவற்றை ஓட்டப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டியிருந்தன. பேட்டைக்குப் பக்கத்திலேயே பயிற்சி நிலையம் இருப்பது தற்செயல் அல்ல. பின்னாளில் இருங்காட்டுக்கோட்டை, மறைமலைநகர், ஒரகடம் என்று கார் ஆலைகள் வந்தபோது சென்னையை வெளியூர்க்காரர்கள் டெட்ராய்ட் என்றார்கள். ஆலை வருவதற்கு நிலமும் துறைமுகமும் காரணமென்றால், வைஸ் முன்னால் நின்று பழகிய இரண்டு தலைமுறையும் காரணம். அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

இப்போது தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐ-களைச் சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நான்காம் தலைமுறைத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றியிருக்கிறது. கணினியால் இயங்கும் சிஎன்சி, ரோபாட், மின்வாகனம் என்று புதிய பிரிவுகள் வந்திருக்கின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. "இனி அரம் எதற்கு, ரோபாட் வந்துவிட்டதே" என்று சிலர் கேட்கிறார்கள். சிஎன்சி மெஷினில் ஜி01 என்று எழுதினால் டூல் நேர்க்கோட்டில் போகும், ஜி02 என்றால் வலஞ்சுழியாக வளையும். எங்கே போக வேண்டும் என்பதை எக்ஸ் இவ்வளவு, இஸட் இவ்வளவு என்று எழுத வேண்டும். பள்ளியில் கிராஃப் தாளில் புள்ளி வைத்தோமே, அதே வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போது டூல் தேய்ந்து பீஸ் 0.03 பெரிதாக வந்தால் அதை உணர்ந்து ஆஃப்செட்டில் திருத்துவது ஆளின் வேலை. 0.03 என்றால் எவ்வளவு என்று விரலுக்குத் தெரிந்தவர்தான் அதைத் தயங்காமல் செய்வார். ராவின கைக்கு அது தெரியும்.

சரியில்லாதவை

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதினால் அது இந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

மெஷினுக்குக் கோடிகள் ஒதுக்கும்போது பயிற்றுநருக்கும் அதே அக்கறை வேண்டும். நான் மேலே சொன்னது எல்லாமே முழங்கையைத் தொட்டுத் திருத்தும் ஒரு மனிதரை நம்பி இருக்கிறது. ஒரு பிரிவில் பணியிடம் காலியாக இருந்து, பக்கத்துப் பிரிவு சார் இரண்டு யூனிட்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 840 மணி நேரம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். புது மெஷினைத் திறந்துவைக்கும் நாளில் படம் எடுக்கிறோம், காலிப் பணியிடத்தை நிரப்பும் நாளிலும் எடுக்கலாம்.

அப்ரென்டிஸ் விஷயம் இன்னொன்று. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரென்டிஸ் எடுக்க வேண்டும் என்பது 2019-இல் திருத்தப்பட்ட விதி. நல்ல ஏற்பாடு. ஆனால் பயிற்சி என்ற பெயரில் முழு ஷிஃப்ட் உற்பத்தி வேலை வாங்கி, ஒரு வருடம் முடிந்ததும் வெளியே அனுப்பி, அடுத்த பேட்சை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு "ட்ரெய்னி"யாகவே நகர்ந்துகொண்டிருக்கும் இளைஞர்களை எந்தத் தொழிற்பேட்டை டீக்கடையிலும் பார்க்கலாம். சைன் பார் அடுக்கத் தெரிந்தவனை நாள் முழுக்கப் பெட்டி அடுக்க வைப்பது நாட்டுக்கும் நஷ்டம்.

மூன்றாவது பெண்கள். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளின் அசெம்பிளி லைனில் பெண்கள்தான் அதிகம். அந்த லைன் நின்றுபோனால் டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வருபவர் பெரும்பாலும் ஆண். மெயின்டெனன்ஸுக்கும் டூல்ரூமுக்கும் சம்பளமும் மரியாதையும் கூடுதல், வேலையும் நிலைக்கும். கிண்டியிலும் அம்பத்தூரிலும் பெண்களுக்கென்றே அரசு ஐடிஐ இருக்கிறது. பெண்பிள்ளைக்கு என்றால் கம்ப்யூட்டர் அல்லது தையல் என்று பேச்சை முடித்துவிடாதீர்கள். எலக்ட்ரீஷியனையும் ஃபிட்டரையும் அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

அத்தைக்குச் சொன்னது

இனி நடைமுறை. அத்தையிடம் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள் எல்லாம் அரசு தருகிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, ஐடிஐ படிப்பவர்களும் அதில் அடக்கம். எட்டாவது முடித்தவர்களுக்கும் சில பிரிவுகள் இருக்கின்றன.

இத்தோடு படிப்பு முடிந்துவிடும் என்பதும் சரியல்ல. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.-யில் நேரடியாக இரண்டாம் வருடம். மொழிப்பாடத் தேர்வு எழுதித் தேறினால் பிளஸ் டூ-வுக்கு இணையாகக் கருதும் வழியும் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஐடிஐ-யில் இருக்கும்போதே அதை எழுதி முடித்துவிடுவது நல்லது, வேலைக்குப் போன பிறகு நேரம் கிடைக்காது. ரயில்வேயில் அசிஸ்டன்ட் லோகோ பைலட் ஆகவும் டெக்னீஷியன் ஆகவும் ஐடிஐ கேட்கிறார்கள். ராக்கெட் விடும் இஸ்ரோவிலும் டெக்னீஷியன் பணிக்குப் பத்தாம் வகுப்போடு ஐடிஐ சான்றிதழ்தான் தகுதி. வானத்தில் போகிற பொருளுக்கும் யாரோ ஒருவர் மைக்ரோமீட்டர் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

விண்ணப்பிப்பதற்கு முன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நேரில் பாருங்கள். போகும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இந்தப் பிரிவுக்கு நிரந்தரப் பயிற்றுநர் இருக்கிறாரா? ஒரு நாளில் ஒரு மாணவனுக்கு மெஷின் எவ்வளவு நேரம் கிடைக்கும்? போன வருடம் முடித்தவர்கள் எந்தெந்த கம்பெனியில் அப்ரென்டிஸ் போனார்கள்? மாணவர்கள் செய்த ஜாப்களைக் காட்டுவீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் முகம் மலர்ந்து அலமாரியைத் திறக்கிற பயிற்றுநர் கிடைத்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது எது "டிமாண்ட்" என்று மட்டும் பார்க்காதீர்கள். எலக்ட்ரீஷியனுக்குச் சொந்தமாகத் தொழில் செய்யும் வழி உண்டு, வயர்மேன் தகுதிச் சான்றிதழ் வாங்கலாம். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் என்றால் ஆலை வேலை. வெல்டர் ஒரு வருடப் படிப்பு, ஆனால் கண்ணும் மூச்சும் பத்திரம், சாய்த்து வைத்த குழாயைச் சுற்றிச் சுற்றி வெல்ட் செய்யும் அளவுக்குத் திறமை ஏறினால் கப்பல் கட்டும் தளமும் எண்ணெய் ஆலையும் தேடி வரும். பிள்ளை எதைப் பார்த்து நின்றுவிடுகிறான் என்று கவனியுங்கள்.

அத்தை முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்போ கணக்கு இருக்குன்னு சொல்ற" என்றார். இருக்கிறது, நிறையவே இருக்கிறது என்றேன். "அப்போ அவன் எப்படிப்பா சமாளிப்பான்?" அவன் சமாளிப்பான் அத்தை, அங்கே கணக்கு அவனிடம் வேறு மாதிரி வரும் என்று சொன்னேன். ஜூன் கலந்தாய்வுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒரு யோசனை, பள்ளிக் கல்வித் துறையிலும் பயிற்சித் துறையிலும் இருப்பவர்கள் யாராவது படித்தால் நல்லது. கிண்டியைச் சுற்றி சைதாப்பேட்டை, ஆலந்தூர், ஈக்காட்டுத்தாங்கல் பக்கமெல்லாம் அரசு, மாநகராட்சிப் பள்ளிகள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்பு முக்கோணவியல் பாடம் ஆரம்பிக்கும் வாரத்தில் அந்தப் பிள்ளைகளை ஒரே ஒரு நாள் ஐடிஐ ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்துப் போங்கள். பாடத்தை ஐடிஐ மாணவர்களே நடத்தட்டும். லேத்தில் ஒரு கூம்பு கடைந்து காட்டி, சைன் பாரைக் கையில் கொடுத்து, தூக்கிப் பாருங்கள் என்று சொல்லட்டும். ஒரு பஸ் செலவுதான். போனவர்களில் பாதிப் பேருக்குக் கணக்கின் மேல் பயம் குறையும். கற்றுக்கொடுத்த பிள்ளைகளுக்கு, தாங்கள் ஒதுக்கப்பட்டவர்கள் இல்லை, ஆசிரியர்களாக நிற்கத் தக்கவர்கள் என்பது ஊர் முன்னால் தெரியும். அப்படி ஒரு நாள் வைத்தால் சொல்லுங்கள், லீவு போட்டுவிட்டு உதவிக்கு வருகிறேன்.